பம்பஸ் எந்தப் பெட்டிக்குள்ள போறது?

வியாழக்கிழமை காலமை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில யாழ்ப்பாணத்தில எங்கட ஒழுங்கைக்குள்ள உள்ளூராட்சி சபையின்ர குப்பை ட்ரக்டர் வரும். சில வியாழன் வராது, சிலவேளை வெள்ளிதான் வரும், ஆனா வாற அண்டைக்கு நாயள் எல்லாம் ஒண்டா குலைக்கத் தொடங்கிடும், முன்வீட்டு மாமி மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து "பிள்ளை, குப்பை வருது" எண்டு சத்தம் போடுவா. நான் ரெண்டு பையையும் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடுவன். போன வருசம் மாரி முடியிற நேரம் அப்பிடித்தான் ஒரு வியாழன் ஓடினன், அண்டைக்கு என்ர கையில மூண்டு பை.

மூண்டாவது பையைத் தூக்கின அண்ணைக்குப் பாரத்திலேயே விளங்கிட்டுது போல, கீழ வச்சிட்டார்.

"உதுக்குள்ள என்ன பிள்ளை?"

"அம்மான்ர பம்பஸ் அண்ணை."

"உது எடுக்கேலாது. உக்கிறதுக்குள்ளயும் போடேலாது, உக்காததுக்குள்ளயும் போடேலாது. நான் என்ன செய்ய?"

கோவமாச் சொல்லேல்லை, ஒரு அந்தரத்தோடதான் சொன்னவர். ட்ரக்டர் போட்டுது. நான் படலையடியில பையோட நிண்டன், மாமி மதிலால தலையை உள்ள இழுத்துக்கொண்டா.

அம்மாக்கு 78 வயசு. கிணத்தடியில சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு, ஆசுப்பத்திரியில மூண்டு கிழமை கிடந்து வீட்ட வந்தாப் பிறகு ஒரு நாளைக்கு நாலு பம்பஸ். (பெரியாக்கள் கட்டிற டயப்பர்தான், உறையில என்ன பேர் இருந்தாலும் எங்களுக்கு எல்லாம் பம்பஸ்தான்.) ஒருநாள் எனக்கு விசர் பிடிச்சு, அப்பா விட்டிட்டுப் போன கொளுக்கித் தராசை எடுத்து அண்டையான் பையைத் தொங்கவிட்டுப் பாத்தன், 2 கிலோ 400. அப்ப மாசம் 70 கிலோவுக்கு மேல. கடையில வாங்கிற 25 கிலோ அரிசி மூட்டையில கிட்டத்தட்ட மூண்டு மூட்டை, ஒரு மனிசிக்கு, ஒரு வீட்டில, எங்க போடுறது எண்டு ஆருக்கும் தெரியாத சாமான்.

உக்கிற குப்பை எங்களுக்கு எப்பவும் பிரச்சினையா இருந்ததில்லை. வளவு எண்டு ஒண்டு இருந்தாக் காணும், மாங்கொட்டை, வாழைத்தடல், மீன் செதில், தேங்காய்த் தும்பு எல்லாம் கோடிக்குள்ள ஒரு கிடங்கு வெட்டித் தாட்டா அடுத்த வருசம் தென்னைக்கு எரு. பூவரசங்குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாட்ட சனத்துக்கு ஆரும் கொம்போஸ்ற் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. மற்றப் பக்கம் போத்தில், இரும்பு, பேப்பர், அலுமினியச் சட்டி. அதுகளை பழைய சாமான் எடுக்கிற ஆள் வந்து நிறுத்துக் காசு தந்து கொண்டுபோவார், சபை வரவேண்டியதே இல்லை. இந்த ரெண்டும் போக மிஞ்சிறதுதான் கரைச்சல். தென்னையும் வேண்டாம் எண்டுது, பழைய சாமான்காரரும் வேண்டாம் எண்டுறார். பால்மாப் பை, பிஸ்கற் உறை, ரெஜிபோம், பிய்ஞ்ச செருப்பு, பொம்பிளைப் பிள்ளையளின்ர பாட்ஸ், பம்பஸ்.

பால்மாப் பையை ஒருக்கா வெட்டிப் பாத்தனீங்களோ, உள்ளுக்கு வெள்ளித்தாள் மாதிரி மினுங்கும், அது அலுமினியம், அதுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்ரிக், எல்லாத்தையும் சேத்து ஒட்டியிருக்கு. ஈரப்பதன் உள்ள போகாம இருக்கத்தான் அப்பிடிச் செய்யினம், பால்மாக்கு நல்லது, ஆனா ஒட்டினதைப் பேந்து பிரிக்கிற செலவுக்கு ஆரும் அதை வாங்கமாட்டினம். பம்பஸ் அதைவிட மோசம். வெளியால பொலித்தீன், தோலில படுறது இன்னொரு விதமான பிளாஸ்ரிக், நடுவில மரக்கூழ்ப் பஞ்சு, பஞ்சுக்குள்ள சீனி மாதிரி ஒரு தூள். அந்தத் தூள்தான் தன்ர பாரத்தைப்போல பல மடங்கு தண்ணியைக் குடிச்சிட்டு ஜெலி மாதிரி வீங்கி நிக்கிறது. பஞ்சு உக்கும், மற்றது உக்காது. ரெண்டு பெட்டியளும் அதைப் பாத்துக் கையை விரிக்கிறது நியாயம்தான்.

சட்டம் போடாமலும் இல்லை. 2017 செப்ரெம்பர் முதலாம் திகதியில இருந்து சோத்துப் பாசல் சுத்திற லன்ச் சீற்றும் சாப்பாடு போடுற ரெஜிபோம் பெட்டியும் தடை, பிளாஸ்ரிக்கை வெட்டவெளியில எரிக்கிறதும் தடை. 2021 இல சின்னச் சின்ன சம்போ பைக்கற்றுக்கு. 2023 ஒக்ரோபரில ஸ்ரோ, பிளாஸ்ரிக் கோப்பை, பிளாஸ்ரிக் மாலை, அதோட இடியப்பத் தட்டு! இடியப்பத் தட்டுக்குத் தடை வந்த அண்டைக்கு எங்கட ஒழுங்கையில நடந்த கதையை எழுத வெளிக்கிட்டா அது தனிக் கட்டுரை. ஆனா பம்பஸுக்கு ஆரும் தடை போடேலாது, போடவும் கூடாது, படுக்கையில கிடக்கிற மனிசருக்கு அது தேவை.

சரி, அந்தப் பையோட நான் என்ன செய்தன் எண்டு சொல்லுறன். முதல்ல எரிச்சன். எரிக்கக் கூடாது எண்டு தெரிஞ்சுதான் எரிச்சன், அதை மறைச்சு எழுதி என்ன பிரயோசனம். காஞ்ச பனையோலையை அடியில போட்டு மேல வச்சுக் கொளுத்தினா ஓலை எரிஞ்சு முடிஞ்சுது, வெளி உறை உருகிச் சுருண்டுது, உள்ளுக்க இருந்த ஜெலி அப்பிடியே கிடந்து புகைஞ்சுது, பின்னேரம் மட்டும். தண்ணியை இறுக்கிப் பிடிக்கத்தானே அதைச் செய்தது, அதை எரிக்க வெளிக்கிட்டது என்ர மடைத்தனம். மாமி கொடியில காயப்போட்ட உடுப்பெல்லாம் ஒரு மணம், அவ ஒண்டும் சொல்லேல்லை, திருப்பித் தோய்ச்சா. அவ வாய்விட்டுப் பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

பிறகு தாட்டன். எங்கட வளவில மண் ரெண்டரை அடி, அதுக்குக் கீழ அலவாங்கு "டங்" எண்டும், கல்லு. இங்க கனபேருக்கு அப்பிடித்தான், செம்மண் ஒரு போர்வை மாதிரி, அடியில முழுக்கச் சுண்ணக்கல்லு. ரெண்டரை அடியில தாட்டதை ரெண்டாம் நாள் நாய் கிளறி எடுத்து முற்றத்தில பரப்பிப் போட்டிருந்துது, வெள்ளை வெள்ளையா ஜெலி, மழை பெஞ்சு அது இன்னும் வீங்கி, அதைக் கூட்டி அள்ளின காலமையை நான் மறக்கமாட்டன். அதுக்கும் மேல கிணறு. கிடங்கில இருந்து எட்டி வச்சா முப்பது அடிதான் கிணறு.

யாழ்ப்பாணத்தில குப்பையைப் பற்றிக் கதைக்கிறது எண்டா கிணத்தைப் பற்றிக் கதைக்காம விடேலாது. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. பெய்யிற மழை கல்லுக்குள்ள இறங்கி அங்க தங்கிறதுதான் எங்கட குடிதண்ணி, தோட்டத்துத் தண்ணி, எல்லாம். அந்தக் கல்லோ வெடிப்பும் பொந்துமான கல்லு, மேல என்ன விட்டாலும் வடிக்காம உள்ள இழுக்கும். நிலாவரைக் கிணத்தில போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில மிதந்தது எண்டு அம்மம்மா சொல்லுவா, மிதந்துதோ இல்லையோ, எங்கட முன்னோர் நிலத்துக்குக் கீழ எல்லாம் தொடுப்பு எண்டு விளங்கி வச்சிருந்தவை. சுன்னாகத்தில 2014, 15 இல கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதக்குது எண்டு சனம் போத்திலில தண்ணியோட றோட்டில நிண்டதை இங்க ஆரும் மறக்கேல்லை. ஓரிடத்தில ஊத்தினது ஊர் ஊரா நடந்து போனது. அப்ப என்ர முப்பது அடி எந்த மூலைக்கு?

எரிக்கவும் ஏலாது, புதைக்கவும் ஏலாது எண்டால் ஊரில ஒரு மூண்டாவது வழி இருக்கு, எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டினம். விடியக்காலமை மோட்டச்சைக்கிள் ஹாண்டிலில ஒரு சொப்பிங் பாக் தொங்கும், வெளிக்காணி கண்ட இடத்தில கை ஒருக்கா ஆடும், பிறகு பாக் இருக்காது. பிள்ளைக்குச் சாப்பாடு கட்டின பாக் எது, குப்பைப் பாக் எது எண்டு தூரத்தில தெரியாது, ஆனா வீசுறதுக்கு முதல் திரும்பிப் பாக்கிற பார்வையில தெரியும். நானும் ஒருநாள் ஹாண்டிலில கொழுவினனான். பெரிய ரோட்டு மட்டும் போய்த் திரும்பி வந்திட்டன். மனச்சாட்சி எண்டு சொல்லவேண்டாம், பின்னால என்னட்டைப் படிச்ச பிள்ளை ஒண்டு சைக்கிளில வந்துது.

அதுக்குப் பிறகுதான் சபைக்குப் போனன். இங்க மாவட்டத்தில 17 சபை, ஒரு மாநகர சபை, மூண்டு நகரசபை, 13 பிரதேச சபை, எங்கட எது எண்டு எழுதேல்லை, எழுதினா அந்த உத்தியோகத்தர் தம்பிக்குத்தான் கரைச்சல், அவர் நல்ல பிள்ளை. சுவரில "திண்மக்கழிவு முகாமைத்துவம்" எண்டு வடிவா ஒரு பலகை, பச்சை, நீலம், செம்மஞ்சள் எண்டு வாளியள் கீறியிருக்கு. எந்த நிறத்துக்குள்ள அம்மான்ர சாமான் போறது எண்டு கேட்டன். அவர் பலகையைத் திரும்பிப் பாத்தார், நானும் பாத்தன்.

"அக்கா, எடுத்தாலும் எங்களுக்குக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இல்லை. உக்கிறதைப் பசளையாக்கிறம். போத்தில், பிளாஸ்ரிக் விக்கிறம். மிச்சத்துக்குத்தான் வழியில்லை."

எனக்கு அவரோட சண்டை பிடிக்கிற எண்ணம் போட்டுது. 2023 மார்ச்சில சபையளின்ர காலம் முடிஞ்சு, 2025 மே 6 தேர்தல் நடக்கிற மட்டும் ரெண்டு வருசத்துக்கு மேல உறுப்பினர் ஒருத்தரும் இல்லாமச் செயலாளர்மாரும் இப்பிடிப்பட்ட தம்பிமாரும்தான் வண்டியை இழுத்தவை. தேர்தலுக்கு எங்கட வட்டாரத்தில நோட்டீஸ் கொண்டுவந்த எல்லாக் கட்சியும் குப்பையைப் பற்றிக் கதைச்சது, ட்ரக்டர் கூட்டுவம் எண்டு. ட்ரக்டர் போற இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தம்பி இன்னொண்டும் சொன்னவர். சட்டப்படி சபை சேகரிக்கிற குப்பை சபையின்ர சொத்தாம். சிரிப்பு வந்திட்டுது. அந்த அண்ணை பையைத் தூக்கி ஏத்தியிருந்தா அம்மான்ர பம்பஸ் சபையின்ர சொத்து, கீழ வச்சபடியா அது இன்னும் எங்கட குடும்பச் சொத்து. சபைக்குச் சோலைவரி கட்டின துண்டைக் கொண்டுவந்து காட்டவோ எண்டு பகிடியாக் கேட்டன். அவரும் சிரிச்சார்.

ட்ரக்டர் போற இடம் எண்டா யாழ்ப்பாணத்தில முதல் வாற பேர் கல்லுண்டை. மாநகரத்துக் குப்பை கனகாலமா அங்கதான் போகுது, மாநகர எல்லைக்கு வெளியில. அராலியில ஒரு சொந்தக்காரர் வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகேக்க அந்த வெளியால ஸ்கூட்டியில போனன். காக்கைதீவு தாண்டினா ரெண்டு பக்கமும் திறந்த வெளி, உப்புக்காத்து, நல்ல இடம், பின்னேரத்தில படம் எடுக்கலாம். பிறகு மணம் வரும். பிறகு கொக்கு, காகம், மாடு. மாடு பொலித்தீனைச் சப்பிக்கொண்டு நிக்குது, அரைவாசி வாய்க்குள்ள, அரைவாசி வெளியால. கோடையில அங்க நெருப்புப் பிடிச்சுப் புகை பரவுறது அடிக்கடி பேப்பரில வாற செய்தி. ஆரும் கொளுத்தவேணும் எண்டும் இல்லை, குவிச்ச குப்பைக்கு அடியில காத்தில்லாம உக்கேக்க மீதேன் வாயு வரும், சூடும் ஏறும், ஒரு பொறி காணும்.

அதில என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது புகை இல்லை, வழுக்கையாறு. மாரியில மட்டும் ஓடுற எங்கட ஒரே ஆறு, தெல்லிப்பழைப் பக்கத்தால வெளிக்கிட்டு, சண்டிலிப்பாய்ப் பக்கமெல்லாம் வயலுக்குத் தண்ணி குடுத்து, கடைசியா அராலியிலதான் கடலில விழுது. ஆறு வந்து முடியிற பக்கம் பாத்துத்தான் நாங்கள் குப்பையையும் முடிச்சிருக்கிறம். அந்தப் பக்கமே குடியேத்தத் திட்டத்து வீடுகளும் இருக்கு, சண்டையால இடம்பெயர்ந்து காணி இல்லாமக் கிடந்த சனத்துக்குக் குடுத்த வீடுகள். அவை எத்தினை தரம் மறிச்சு நிண்டு கத்தியிருக்கினம். அண்டைக்குச் செத்தவீட்டில தேத்தண்ணி குடிக்கேக்க எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கேல்லை, என்ர வீட்டுப் பையை எடுக்கேல்லை எண்டு நான் சபையில போய் நியாயம் கேட்டனான், எடுத்திருந்தா அது இப்பிடி ஆற்றையோ ஒராளின்ர குசினி யன்னலுக்கு முன்னாலதானே போயிருக்கும்.

குப்பை மலை எண்டால் என்ன செய்யும் எண்டு 2017 சித்திரை வருசப்பிறப்பண்டு முழு நாடும் பாத்தது. ஏப்ரல் 14, கொழும்பில மீதொட்டமுல்லையில மேடு சரிஞ்சு 32 பேர் செத்தவை. வருசத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்த வீடுகள். அதுக்குப் பிறகு கொழும்பு ரெண்டு வழி தேடினது. ஒண்டு புத்தளத்தில அருவக்காடு, சீமெந்துக்குச் சுண்ணக்கல்லு வெட்டின பழைய கிடங்கு, 150 கிலோமீற்றருக்கு மேல தூரம், புத்தளத்துச் சனம் மாசக்கணக்கா ரோட்டில இருந்து எதிர்த்தும் கொண்டுபோனவை. மற்றது கெரவலப்பிட்டியில எரிச்சுக் கரண்ட் எடுக்கிற ஆலை, 2021 இல திறந்தது, 10 மெகாவாட். இதுக்கெல்லாம் முதலே டொம்பேயில கொரியாக்காரரின்ர உதவியோட குப்பையைப் போட்டு மூடுற முறையான நிரப்பிடம் ஒண்டு கட்டினவை, அடியில தண்ணி புகாத விரிப்பு, வடியிற கழிவுநீரைப் பிடிச்சுச் சுத்திகரிக்கிற தொட்டி, நாட்டிலயே அதுதான் முதலாவது. புத்தளத்துச் சீமெந்துச் சூளையிலயும் மீள்சுழற்சிக்கு உதவாத கழிவைப் போட்டு எரிக்கினம், 1450 பாகையில கல்லே உருகி ஒட்டுற சூடு, அதுக்குள்ள பால்மாப் பை ஒரு பொருட்டே இல்லை.

ஒரு கலியாண வீட்டில இதைக் கதைக்க வெளிக்கிட்டு வந்தது வினை. பக்கத்தில இருந்த ரிட்டயர்ட் ஐயா ஒருத்தர் பாயாசத்தை வச்சிட்டு, "ஏன் பிள்ளை, காங்கேசன்துறையில சீமெந்துக்கு வெட்டின கிடங்கு சும்மா கிடக்குதானே, அருவக்காடு மாதிரி அதுக்குள்ள கொட்டினா முடிஞ்சுது" எண்டார், சுத்தி இருந்தவை எல்லாம் தலையாட்டினம். எனக்குச் சாப்பாடே செமிக்கேல்லை. அந்தக் கிடங்கு எங்கட தண்ணித் தாங்கியின்ர மூடியைக் கழட்டின இடம், அதுக்குள்ள குப்பையைக் கொட்டுறது கிணத்துக்குள்ள நேர கொட்டுறது மாதிரி. சூளை எண்டாலாவது யோசிக்கலாம், ஆனா காங்கேசன்துறைச் சூளை 1990 இல அணைஞ்சது, இண்டைக்கு மட்டும் பத்தேல்லை, அதைப் பத்தவச்சா திருப்பிக் கல்லு வெட்டவேணும், கல்லு வெட்டினாத் தண்ணி போகும். எரிச்சுக் கரண்ட் எடுக்கிறதுக்கும் இங்கத்தையக் குப்பை அவ்வளவு தோது இல்லை, நாட்டில சேருற குப்பையில அரைவாசிக்கு மேல சாப்பாட்டுக் கழிவும் மரக்கறித் தோலும், ஈரம், ஈர விறகில சோறு வடிச்ச கதைதான். அப்ப 17 சபையும் சேந்து, தண்ணி இறங்காத மாதிரி அடி போட்ட ஒரு இடம் கட்டி, மிச்சத்தை மட்டும், உண்மையான மிச்சத்தை மட்டும், அதில வைக்கலாம் எண்டது என்ர அபிப்பிராயம். எங்க எண்டு கேட்டா எனக்குத் தெரியாது. என்ர ஒழுங்கையில எண்டா நானும் மறிச்சுக்கொண்டு நிப்பன்.

கனடாவில, ரொறொன்ரோ ஸ்காபரோவில இருக்கிற என்ர தம்பிக்கு வட்ஸ்அப்பில இந்தப் புலம்பலை எல்லாம் சொன்னன். அவன் முதல்ல, "அக்கா இஞ்ச பம்பஸ் பச்சை பின்னுக்குள்ள போடலாம்" எண்டு பெருமையாச் சொன்னான். ரொறொன்ரோவில அது உண்மைதானாம், சாப்பாட்டுக் கழிவோட பம்பஸையும் எடுப்பினம், ஆலையில கரைச்சுப் பிளாஸ்ரிக்கைப் பிரிச்சு எறிஞ்சிட்டு மிச்சத்தில வாயு எடுப்பினம். கறுப்புக் குப்பைத் தொட்டிக்கு அளவைப் பொறுத்துக் காசு, சின்னதுக்குக் குறைய, பெரிசுக்குக் கூட. சரி, பிரிச்சு எறிஞ்சது எங்க போகுது எண்டு கேட்டன். அவனுக்குத் தெரியேல்லை, நானே தேடி வாசிச்சன். அவையின்ர பெரிய நிரப்பிடம் 2002 முடிவில மூடுப்பட்டு, 2010 மட்டும் ஒவ்வொரு நாளும் லொறி லொறியா அமெரிக்காவில மிச்சிகனுக்கு ஏத்தினவை, ஒரு நாட்டுக் குப்பை எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்கு. 2007 இல நகரத்தில இருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீற்றரில ஒரு நிரப்பிடத்தை வாங்கி இப்ப அங்க கொண்டுபோகினம். அதுக்குப் பக்கத்தில ஒனைடா எண்ட பூர்வகுடிச் சனத்தின்ர ஊர், மணத்தைப் பற்றி அவையும் முறைப்பாடு செய்தவை. இதைத் தம்பிக்கு அனுப்பினன். "அங்கயும் ஒரு கல்லுண்டை" எண்டு எழுதினான், பிறகு கனநேரம் ஒண்டும் எழுதேல்லை.

வழியைச் சொன்னது அம்மாதான். நான் அறைக்குள்ள பையைக் கட்டிக்கொண்டு முணுமுணுக்கிறதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறா. "என்ர பழைய நூல் சீலையளைக் கிழியன். உங்கள் மூண்டு பேரையும் அதிலதானே வளத்தனான்." எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது, ஏனெண்டா தோய்க்கிறது நான். பகலில சீலைத்துண்டு, இரவில பம்பஸ் எண்டு ஒரு கணக்குக்கு வந்தம். சும்மா சொல்லக்கூடாது, சரியான வேலை. வாளியில ஊறவச்சு, மல்லாத்தி அலசி, சுடுதண்ணி விட்டு, வெயில் இல்லாத நாளில அடுப்படிக்குள்ள கொடி கட்டி. தோய்ச்ச தண்ணியைக் கிணத்துக்குத் தூரமா வாழையடிக்கு விடவேணும். நான் ரியூசன் வகுப்பை ரெண்டு நாள் குறைச்சிட்டன். பொம்பிளையளின்ர கையைக் கணக்கில சேக்காட்டி உலகத்தில எந்தக் குப்பைப் பிரச்சினையும் தீரும் எண்டு எனக்கு இப்ப விளங்குது. ஆனா நாலு ஒண்டாச்சுது, சில நாள் ரெண்டு.

ட்ரக்டர் அண்ணையோடயும் ஒரு உடன்பாடு வந்துது, சபைக்கும் எனக்கும் இடையில இல்லை, அவருக்கும் எனக்கும் இடையில. பம்பஸைச் சுருட்டி, பேப்பரில சுத்தி, தனிப் பையில ரெண்டு முடிச்சுப் போட்டு, ஒரு சிவப்புத் துணித்துண்டு கட்டினா எடுப்பார். ஏன் சிவப்பு எண்டு கேட்டன். கையை விரிச்சுக் காட்டினார், பெருவிரலுக்குக் கீழ ஒரு தழும்பு. ஆரோ வீட்டில சுகர் ஊசியைச் சும்மா பைக்குள்ள போட்டு விட்டிருக்கினம், குத்தி, மாசக்கணக்கா இரத்தம் சோதிச்சுக்கொண்டு திரிஞ்சவராம். கையுறை தந்தவையோ எண்டதுக்கு, "தந்தவை பிள்ளை, அது கிழிஞ்சு கனநாள்" எண்டார். பாமசியில ஒரு சோடி தடிச்சதா வாங்கிக் குடுத்தன். அடுத்த கிழமை அதை அவரோட வாற பெடியன் போட்டிருந்தான்.

போன வியாழன் ட்ரக்டர் நேரத்துக்கே வந்திட்டுது. அண்ணை சிவப்புத் துணி கட்டின பையைத் தூக்கினார், தூக்கின கையிலேயே வச்சுக்கொண்டு நிண்டார். என்ர முகத்தைப் பாத்தார், வீட்டுப் பக்கம் பாத்தார், வாசலில ஏதும் கட்டியிருக்கோ எண்டு பாத்த மாதிரி.

"என்ன பிள்ளை, பாரம் குறைஞ்சிட்டுது. அம்மா... இருக்கிறாவோ?"

"இருக்கிறா அண்ணை. இப்ப பகலில சீலைதான் கட்டிறம்."

"அப்பிடியே. நான் பயந்துபோனன்" எண்டு சொல்லிப் பையைப் பெட்டிக்குள்ள எறிஞ்சார். பெட்டிக்கு நடுவில இப்ப பலகை அடிச்சு ரெண்டாப் பிரிச்சிருக்கினம், உக்கிறது ஒரு பக்கம், உக்காதது மற்றப் பக்கம். பை பலகையில பட்டு, கொஞ்சம் யோசிச்ச மாதிரி நிண்டு, மாங்கொட்டையள் கிடந்த பக்கம் சரிஞ்சுது.